தூசிக்கும் முகவரி உண்டு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

காற்று மாசு பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். காற்று மாசு என்றவுடன் தில்லி மாநகரின் புகைமூட்டமே பலர் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் அவ்வாறு பழக்கிவிட்டன. நான் தில்லிக்குச் செல்லப் போவதில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் எனப் பாறையால் பெயர்பெற்ற நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நின்று பேச விரும்புகிறேன். காற்றில் மிதந்துவரும் துகள் எங்கே பிறந்தது, எவ்வழியே வந்தது என்பதைக் கண்டறிய இயலுமா? இயலும். அதனை அறிவியலார் எவ்வாறு செய்கின்றனர், நாம் எவ்வளவு செய்யலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நீரை நமக்கு மறுத்த வரலாறு நாம் அறிந்ததே. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அள்ளிப் பருகியதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிவந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. தொட்டி கண்ணுக்குத் தெரிவது. அதில் கலந்ததைக் காட்ட முடிந்தது. காற்றுக்குத் தொட்டி இல்லை. ஒரு நாளில் நாம் அருந்தும் நீர் 2 அல்லது 3 லிட்டர். உள்ளிழுக்கும் காற்றோ 10,000 லிட்டருக்கும் மேல். அதில் ஒருவர் மாசு கலந்தால் யார் கலந்தார் என்று எங்கே போய்க் காட்டுவது? கல்லுடைக்கும் ஆலைக்கு அருகே குடியிருப்போர் முறையிடும்போதெல்லாம் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: ‘தூசி எங்கேதான் இல்லை? இது செம்மண் பூமி, ரோட்டுப் புழுதி, உங்கள் அடுப்புப் புகை.’ இந்த விடை முழுப் பொய்யன்று. ஆகவேதான் அதனை வெல்வது கடினமாயிருக்கிறது. வாயால் மறுத்துப் பயனில்லை. அளந்து மறுக்க வேண்டும்.

முதலில் துகளின் பருமனைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆலையிலிருந்து எழும் கல்தூளில் 100 மைக்ரான் துகளும் உண்டு, 10 மைக்ரானும் உண்டு, 2.5 மைக்ரானும் உண்டு. மூன்றும் 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்று மாடி உயரத்தில், காற்றில் விடப்படுவதாகக் கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு 3 மீட்டர், மெல்லிய காற்றுதான். 100 மைக்ரான் துகள் ஏறத்தாழ 20 நொடியில் தரையைத் தொடும். அதற்குள் அது சென்ற தொலைவு 60 மீட்டர். 10 மைக்ரான் துகள் தரையிறங்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் போய்விடும். 2.5 மைக்ரான் துகளுக்கோ ஐந்தரை மணி நேரம். தொலைவு 60 கிலோமீட்டர். நார்த்தாமலையில் எழுந்தது கடற்கரையை எட்டும் அளவு. இதுவும் காற்று அமைதியாக ஒரே சீராக வீசுவதாகக் கொண்ட கணக்கு. உச்சி வெயிலில் தரை சூடேறிக் காற்று மேலெழும்பும்போது துகள் இன்னும் நெடுநேரம் மிதக்கும்.

மாணவர்கள் இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெண்புழுதி ஆலையின் வாயிலருகே விழுந்துவிடும். ஊரை வந்தடைவது கண்ணுக்குத் தெரியாதது. மூக்கின் உரோமமும் தொண்டைச் சளியும் பெரிய துகளைத் தடுத்துவிடும். 4 மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்கும். ‘புழுதியே தெரியவில்லையே, என்ன மாசு?’ என்று ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒருவர் கேட்டால், அவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றே பொருள்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கற்குவாரி கூடாது என்கின்றன. வெடி வைக்கும்போது தெறிக்கும் கல்லுக்கு அந்தத் தொலைவு பொருந்தலாம். 4 கிலோமீட்டர் செல்லும் துகளுக்கு 300 மீட்டர் என்ன வேலி? விதி தொலைவை மட்டும் பார்க்கிறது; திசையைப் பார்க்கவில்லை. மேற்கே 300 மீட்டரில் உள்ள ஆலையும் கிழக்கே 300 மீட்டரில் உள்ள ஆலையும் ஒரு குடியிருப்புக்கு ஒன்றல்ல.

திசை என்றதும் நம் முன்னோர் காற்றுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையால் பெயரிட்டனர். இன்றைய வானிலையாளரும் அப்படியே செய்கின்றனர். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வறண்டு வீசுகிறது. ஐப்பசி தொடங்கி வடகிழக்குக் காற்று. தை, மாசியில் மழை ஓய்ந்தும் கீழைக்காற்று தொடர்கிறது. ஆண்டுக்கு இருமுறை காற்று தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதனை நினைவில் வையுங்கள். பின்னர் இதுவே நமக்குச் சாட்சியாக வரப்போகிறது.

சேரியின் மேல் பட்ட காற்று ஊரின் மேல் படலாகாது எனக் கருதி, நம் குடியிருப்பைக் காற்றின் கீழ்ப்புறத்தில் ஒதுக்கிய ஊர்கள் உண்டு என முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஃது எல்லா ஊர்க்கும் பொருந்தும் விதி என்று நான் கூறமாட்டேன். பல இடங்களில் காரணம் இன்னும் எளியது. நஞ்சையும் புஞ்சையும் பிறர்க்குப் போக, பாறைமேட்டையொட்டிய புறம்போக்கே நமக்குக் கிடைத்தது. விளையாத அந்த மேடு யாருக்கும் வேண்டாததாய் இருந்தது. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்து, பாறையை இடித்து ஜல்லியும் எம்-சாண்டும் ஆக்கினால் பணம் என்றானபின், அதே மேடு குவாரியாயிற்று. அதற்கு மிக அருகில் இருந்தது காலனியாயிற்று. நீரைத் தீண்டவிடாது தடுத்தவர்களால் காற்றைத் தடுக்க இயலவில்லை. ஆனால் காற்று கொண்டுவருவதன் எதிரே நம்மைக் குடியமர்த்த இயன்றது.

இனி, துகளின் பிறப்பிடத்தை அறிவியலார் கண்டறியும் முறைக்கு வருவோம். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, துகளை எடுத்து அதன் உடலமைப்பைச் சோதிப்பது. மற்றது, காற்றின் வழியே பின்னோக்கி நடப்பது.

இரண்டும் சேர்ந்து நடந்ததற்கு 1986ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லலாம். ஏப்ரல் 28ஆம் நாள் காலை, சுவீடன் நாட்டின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. தங்கள் நிலையத்தில்தான் கசிவு என்று எண்ணித் தேடினர், இல்லை. வெளியே புல்லிலும் மழைநீரிலும் அதே துகள். துகளில் இருந்த தனிமங்களின் கலவை, இது அணுகுண்டு அன்று, உலை ஒன்றின் உள்ளிருந்து வந்தது என்றது. முந்தைய நாட்களின் காற்றைக் கணக்கிட்டபோது அது தென்கிழக்கே சோவியத் நாட்டைச் சுட்டியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் செர்னோபிலில் ஏப்ரல் 26 அன்று உலை வெடித்திருந்தது. அதுவரை வாய் திறவாதிருந்த அரசு அன்று மாலை ஒப்புக்கொண்டது. ஒரு பேரரசின் மௌனத்தைக் காலணியில் ஒட்டிய தூசி கலைத்தது.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. மண்புழுதியில் சிலிக்கான், அலுமினியம், இரும்பு மிகுந்திருக்கும். விறகும் வைக்கோலும் எரிந்த புகையில் பொட்டாசியம் இருக்கும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கமிருந்து வரும் கடற்காற்றில் சோடியமும் குளோரினும். டீசல் புகையில் கரி. தீபாவளி இரவின் காற்றில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் மேலோங்கும்; மத்தாப்பின் பச்சையும் சிவப்பும் அவற்றால் வருபவை. வடிதாளில் பிடித்த தூசியில் இவை எந்த விகிதத்தில் உள்ளன என்று அளந்து, எந்த மூலம் எத்தனை பங்கு தந்தது என்று கணக்கிடுகின்றனர். தில்லி, மும்பை, சென்னை, பெங்களூர், புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய ஆய்வை நடத்தி 2011இல் அறிக்கை வெளியிட்டது. சென்னைப் பகுதியை ஆய்ந்தது அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மாநகரங்களுக்குக் கிடைத்த இந்த ஆய்வு, குவாரியடிச் சிற்றூருக்கு என்று கிடைக்கும்?

மற்றோர் ஆய்வு நம்மைச் சற்று அடக்கிவைக்க வல்லது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன் அவர்கள் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, 1999இல் நம் துணைக்கண்டத்தின் மேல் பழுப்புநிறப் புகைப்படலம் கவிந்திருப்பதை உலகுக்குக் காட்டியது. அப்புகை எங்கிருந்து? டீசலும் நிலக்கரியும் என்றனர் சிலர். விறகும் சாணமும் பயிர்த்தாளும் என்றனர் சிலர். வழக்கைத் தீர்த்தது கரி-14. உயிருள்ள மரத்தில் அஃது உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றும் அழிந்திருக்கும். மாலத்தீவிலும் புனேக்கு அருகே சிங்ககட் மலையிலும் பிடித்த துகளை இவ்வாறு சோதித்து 2009இல் வெளியிட்டனர்: ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை, விறகும் பயிர்க்கழிவும் போன்றவை எரிந்த புகை.

ஆகவே தாய்மார்களே, நம் அடுப்பும் குற்றமற்றதன்று. சீமைக்கருவேல விறகும் தைலமரத் தழையும் எரித்துக் கூரைக்குள் சமைக்கையில் எழும் புகை, ஆலைத் தூசியினும் நுண்ணியது. மார்கழி விடியலில் தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்க, புகை எழும்பாமல் தெருவிலேயே படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போகியன்று கிழிந்த பாயோடு ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை இப்போதாவது விட்டுவிடுங்கள். 2018 போகியன்று புகையால் சென்னை விமானங்களே தடுமாறின. மூலத்தைத் தேடப் புறப்பட்டவன் தன் வீட்டை விட்டுவிட்டுத் தேடினால் எதிராளி முதலில் அதைத்தான் பிடிப்பான்.

ஆயினும் அடுப்புப் புகையும் கல்தூசியும் ஒன்றல்ல. கருங்கல் வகைகள் பலவற்றில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குவார்ட்சு, அதாவது சிலிக்கா, இருக்கிறது. புதிதாக உடைந்த சிலிக்காவின் முனை கூரியது. நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கி, மூச்சுப்பையை இறுகச் செய்கிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு மருந்து இல்லை. அது வந்தவரைக் காசநோயும் எளிதில் பற்றும். இருமலோடு மருத்துவமனைக்குச் சென்றால் காசநோய் என்று மட்டும் எழுதி மாத்திரை தந்து அனுப்புவது நாடெங்கும் நடப்பது. காசநோய் என்றால் நோயாளியின் வறுமை காரணம். சிலிக்கோசிஸ் என்றால் முதலாளியின் ஆலை காரணம். ஒரு சொல்லில் அத்தனை வேறுபாடு. ஆகவே, கல் வேலை செய்தவர் எவராயினும், எத்தனை ஆண்டு, எந்த வேலை என்பதை மருத்துவரிடம் தாமே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டப் பழங்குடியினர் குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்சு அரைக்கும் ஆலைகளுக்குப் பிழைக்கச் சென்றனர். ஊர் திரும்பி ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ஆலை ஒரு மாநிலம், சாவு ஒரு மாநிலம். தூசி காற்றில் மட்டுமன்று, மனிதர் மார்புக்குள்ளும் எல்லை கடந்து பயணம் செய்கிறது. அங்கே உழைத்த சங்கங்கள் ஊர் ஊராகச் சென்று பெயர், ஆலை, உழைத்த காலம் என்று பட்டியல் எழுதின. அப்பட்டியல் இல்லாதிருந்தால் மாண்டவர்கள் வெறும் இருமல் நோயாளிகளாகவே போயிருப்பர். 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் குஜராத் அரசு வழங்கப் பரிந்துரைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதனை வழங்க ஆணையிட்டது.

எழுதிவைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே பரவியபோது, சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்கள் ஆயிரமாயிரமாகச் சாலைக்கு வந்தனர். அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில், கற்குவாரிகளில் கொத்தடிமையாய் உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் பல குத்தகைக்கு விடப்பட்டன. கையெழுத்திடத் தெரியாதவர் கணக்கெழுதி லோடு அனுப்பிய காலம் அது. அது நீடிக்கவில்லை, ஆனால் நடந்தது. அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கழகப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன்.

கண்ணாடிச் சில்லு நான்கு எடுங்கள். மெல்லிதாக வாசலைன் தடவுங்கள். ஆலைக்கு இருபுறமும், காற்று வரும் பக்கத்தில் இரண்டு, போகும் பக்கத்தில் இரண்டு, ஒரே உயரத்தில், அடுப்புக்கும் சாலைக்கும் விலகிய இடத்தில் வையுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பள்ளியின் நுண்ணோக்கியில் பாருங்கள். நம் மண் செம்மண். அதன் துகள் சிவந்து, முனை மழுங்கியிருக்கும். ஆலைத் தூள் சாம்பல் நிறம். உடைந்த கண்ணாடிபோல் விளிம்பு கூர்மையாயிருக்கும். புகைக்கரி கறுத்துத் திரண்டு, விரலில் ஈஷும். சிமெண்டு தூசியோ என்ற ஐயம் வந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும், கருங்கல் தூள் நுரைக்காது. (வெள்ளையடித்த சுவரோரம் சில்லை வைத்துவிட்டு நுரைக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.)

கம்பத்தில் ஒரு துணி நாடா கட்டி, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் காற்றின் திசையைக் குறியுங்கள். ஆலை ஓடிற்றா, நின்றதா என்றும் எழுதுங்கள். மின்தடை நாள், லாரி வேலைநிறுத்த நாள், பண்டிகை விடுமுறை ஆகியவை நமக்கு அரிய நாட்கள். ஆலை நின்றபோதும் சில்லில் அதே அளவு தூசி இருந்தால் குற்றவாளி வேறொருவர். குறைந்தால், ‘எங்கேதான் தூசி இல்லை’ என்ற விடைக்கு அன்றே மறுமொழி கிடைத்துவிட்டது. 2020 மார்ச்சு 25 முதல் நாடடங்கு வந்தபோது இந்தியாவின் பெருநகரக் காற்று சில நாட்களிலேயே தெளிந்ததைக் கருவிகள் காட்டின. அதே சோதனைதான் இது, சிறிய அளவில்.

எல்லாவற்றினும் வலிய சாட்சி, முன்னே சொன்ன காற்றின் திருப்பம். ஆடியில் ஆலைக்குக் கிழக்கே உள்ள சில்லில் சாம்பல் தூள் மிகுந்து, தையில் அது மேற்கே மாறிவிட்டதென்றால், நடுவில் இருப்பது எதுவோ அதுவே மூலம். சாலைப் புழுதி இவ்வாறு இடம் மாறாதா என்று கேட்கலாம். சாலையும் ஆலைக்கே செல்லும் டிப்பர் லாரிச் சாலையானால் அதுவும் ஆலையின் கணக்கே. மழை நாள் குறிப்பைத் தனியே ஒதுக்குங்கள். மழை தூசியைக் கழுவிவிடும். ஆறு மாதமாவது தொடர்ந்து எழுதினாலன்றி இந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை.

இக்கருவிகள் எடையை அளக்கா. இந்தியத் தர அளவின்படி 10 மைக்ரானுக்குட்பட்ட துகள் ஒரு கனமீட்டர் காற்றில் நாள் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கும், 2.5 மைக்ரானுக்குட்பட்டது 60க்கும் மேற்படலாகாது. இது 2009இல் வகுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் முறையே 45, 15 என்று வைத்தது. அந்த எண்ணைச் சொல்ல வாரியத்தின் கருவிதான் வேண்டும். நம் நோட்டுப் புத்தகத்தின் வேலை, அந்தக் கருவியை எங்கே, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்வது. மாவட்டத் தலைநகரில் ஒரு கருவி காட்டும் எண் குவாரியடித் தெருவுக்குச் சான்றாகாது. அடைமழை நாளில் வந்து அளந்து சென்றால் அதுவும் சான்றாகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 17 அன்று, திருமயம் பகுதியில் சட்டத்துக்குப் புறம்பான கல்வெட்டலை எதிர்த்து மனுமேல் மனு அளித்துவந்த ஜகபர் அலி அவர்கள், லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதாயினர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. தனியொருவர் பெயரில் மனு இருந்தால் என்ன நேரக்கூடும் என்பதை நம் மாவட்டம் கண்டுவிட்டது. எனவே இந்தக் குறிப்பேடு எந்த ஒரு பிள்ளையின் பெயரிலும் இருக்கலாகாது. ஆலையின் எல்லைக்குள் எவரும் கால் வைக்கலாகாது. பள்ளியின் அறிவியல் மன்றப் பேரில், ஆசிரியர் ஒருவர் பொறுப்பில், படிகள் மூன்று எடுத்து மூன்று இடங்களில் இருக்கட்டும். மனு எழுத வேண்டிய நாள் வந்தால் கழகத்தின் பெயரில் எழுதலாம். இல்லாவிடில் கிராம சபைத் தீர்மானமாக ஊரே கையெழுத்திடட்டும்.

சட்ட வழியையும் சுருக்கமாகச் சொல்லி அமைகிறேன். ஆலைக்கு வாரியம் அளித்த இசைவாணையையும் அதன் நிபந்தனைகளையும் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். தண்ணீர் தெளிப்பு, இயந்திரத்தைச் சுற்றி மூடிய தகடு, எல்லையில் மரவரிசை என்று அதில் எழுதியிருப்பதையும் கண்ணெதிரே இருப்பதையும் ஒப்பிடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கின் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டு. நாள் கணக்கே அங்கு முதலில் கேட்கப்படும். ஆதலால் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியை மறவாமல் எழுதுங்கள். கண்ணாடிச் சில்லுகளைத் தாளில் பொதிந்து, திசையும் நாளும் மேலே குறித்து, பள்ளி அலமாரியில் பூட்டிவையுங்கள்.